ஆன்டி எடுத்துக்கொண்ட நிழல்

ஆன்டிக்குக் கோபம் வராது. கோபம் சாதாரண மக்களுக்கு வருவது. லிஃப்ட் நின்றுபோனால் வரும், மேல்மாடிக்காரர் துணியைப் பிழியாமல் காயப்போட்டால் வரும், கொஞ்ச நேரத்தில் போயும் விடும். ஆன்டிக்கு வந்தது அதைவிட உயர்ந்த சரக்கு. அதற்குத் தமிழில் சொல்லே இல்லை என்பது அவர் கருத்து. மூக்குக்கண்ணாடியைக் கழற்றுவார். அதை உறையில் வைப்பார். உறையைக் கைப்பைக்குள் போடுவார். கைப்பையின் ஜிப்பைக் கடைசிவரை இழுத்து மூடுவார். பிறகு ஆங்கிலத்தில் அறிவிப்பார்: "ஐ டேக் அம்ப்ரேஜ்."

அதற்குப்பின் அவரிடம் யாரும் எதுவும் பேச முடியாது. கண்ணாடிதான் உள்ளே போய்விட்டதே, எதிரில் நிற்பது யார் என்றே அவருக்குத் தெரியாது.

கோலாலம்பூரில், செந்தூலில் எங்கள் ஃப்ளாட்ஸில் அவர் எங்களுக்குப் பக்கத்து வீடு. அந்த மாடியில் வளர்ந்த பிள்ளைகள் எல்லாருக்கும் அம்ப்ரேஜ் என்றால் மனத்தாங்கல் என்று தெரியும், பள்ளியில் யாரும் சொல்லித்தராமலே. கீழே காவலுக்கு இருந்த மலாய்க்காரர் மட்டும் விஷயத்தை எளிமையாக்கி, "ஆன்டி மெராஜோக் லாகி?" என்று கேட்பார். லாகி என்றால் மறுபடியுமா; மெராஜோக் என்றால் முறுக்கிக்கொண்டு பேசாமல் இருப்பது; பிள்ளைகள் பலூனுக்காகச் செய்வது. தன்னுடையதைப் பலூனோடு சேர்த்துவிட்டாரே என்று ஆன்டி அவரிடமும் அம்ப்ரேஜ் எடுத்துக்கொண்டார். அதன்பின் கொஞ்ச காலம் பின்வாசல் வழியாகத்தான் போக்குவரத்து.

ஒருமுறை அம்மா துணிந்து சொல்லிப் பார்த்தார். "அதான் மனத்தாங்கல்னு அழகா ஒரு தமிழ் வார்த்தை இருக்கே அக்கா?"

"அதுல தாங்கல் இருக்கும்மா. நான் எதுக்குத் தாங்கணும்?"

ஆன்டி பிரிக்பீல்ட்ஸில் ஒரு வழக்கறிஞர் அலுவலகத்தில் தட்டச்சராகச் சேர்ந்து செயலாளராக ஓய்வு பெற்றவர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. வேலைக்குச் சேர்ந்த புதிதில் வழக்கறிஞர் ஒரு கடிதத்தைச் சொல்லச் சொல்ல, நடுவில் இந்தச் சொல் வந்ததாம். அர்த்தம் கேட்டால் மதிப்பு குறையும் என்று கேட்கவில்லை. மதியச் சாப்பாட்டு நேரத்தில் அலமாரியிலிருந்த தடித்த அகராதியை எடுத்துப் பார்த்தார். அன்றைக்குச் சாப்பிடவில்லை. அதற்குப்பின் வாழ்நாள் முழுக்க அந்தச் சொல்லைச் சாப்பிட்டார் என்று சொல்லலாம்.

அதன் கதையைக் கேட்பவர்களுக்கும் சொல்வார், கேட்காதவர்களுக்கும் சொல்வார். லத்தீனில் அம்ப்ரா என்றால் நிழல். பிரெஞ்சுக்காரர் வீட்டுக்குப் போய் அது அம்ப்ரேஜ் ஆகி ஆங்கிலத்துக்கு வந்தபோது வெறும் மரநிழல்தான். அதில் உட்காரலாம், இளைப்பாறலாம், யாருக்கும் நஷ்டமில்லை. போகப்போக அது சந்தேகத்தின் நிழலாயிற்று. நிழலைக் கண்டு மிரளும் குதிரைக்கும் பிரெஞ்சில் இதே வேரிலிருந்து ஒரு சொல் உண்டாம். குதிரைக்குப் பிறகு மனிதன். பக்கத்தில் இருப்பவன் வளர்ந்து வளர்ந்து தன்மேல் நிழலாக விழுகிறான், தன்னை யாரும் பார்க்கவிடாமல் மறைக்கிறான் என்ற நினைப்பு. கடைசியில் மரமும் போயிற்று, குதிரையும் போயிற்று. முறுக்கு மட்டும் மிஞ்சியது.

"குடையும் இதே குடும்பம்தான் பாப்பா," என்பார். "அம்ப்ரெல்லான்னா குட்டி நிழல்." அந்தக் குட்டி நிழல் அவரிடம் எப்போதும் இருக்கும். ஆம்பளைக் குடை, கறுப்பு, வளைந்த கைப்பிடி. லிஃப்டுக்குள்ளும் வரும்.

எனக்கு ஒரு சந்தேகம் இருந்தது. "நம்மூரு வெயிலுக்கு நிழலத் தேடித்தானே ஓடுறோம்? நிழல் விழுந்தா ஏன் ஆன்டி கோவிச்சுக்கணும்?"

"வெள்ளக்காரனுக்குக் குளிரு. வெயில மறைச்சா அவனுக்கு வலிக்கும். நமக்கு ஒருத்தன் நெழலு குடுத்தா தேங்க்யூ சொல்லணும்."

"அப்ப நீங்க?"

"அது வேற டிபார்ட்மென்ட்."

பின்னாளில் நான் மின்பொறியியல் படித்து, கூரைகளில் சோலார் பலகை பொருத்தும் வேலைக்குப் போனேன். அங்கே நிழல்தான் முதல் எதிரி. வரிசையாகக் கோத்த பலகைகளில் ஒன்றின்மேல் தண்ணீர்த் தொட்டியின் நிழல் விழுந்தால் போதும், பாதுகாப்பு இல்லாத பழைய அமைப்பில் மொத்த வரிசையும் சோர்ந்துவிடும். இதைப் படித்தபோது மற்றவர்கள் ஆச்சரியப்பட்டார்கள். எனக்கு ஆச்சரியம் இல்லை. மூன்றாவது வரிசை நாற்காலியில் ஆன்டி கண்ணாடியைக் கழற்றினால் ஒரு கல்யாண மண்டபமே எப்படி மங்கும் என்று பார்த்து வளர்ந்தவள் நான்.

அவருடைய அம்ப்ரேஜுக்கு அளவுகள் இருந்தன. லேசானது என்றால் தண்ணீர் குடிக்க மாட்டார். அடுத்தது, எல்லாம் சாப்பிட்டுவிட்டு பாயசத்தை மட்டும் ஆடை படிய விட்டுவிடுவார். உச்சகட்டம் வாழையிலையில் நடக்கும். சாப்பிட்டு முடித்து இலையைத் தன் பக்கமாக மடித்தால் உறவு தொடரட்டும் என்று பொருள். எதிர்ப்பக்கமாக மடிப்பது சாவு வீட்டுக்கு. ஆன்டி கல்யாண வீட்டில் இலையை எதிர்ப்பக்கமாக மடித்து, அது விரிந்துவிடாதபடி மேலே தண்ணீர்க் குவளையையும் வைத்துவிட்டு எழுந்திருப்பார்.

காரணம் பெரும்பாலும் ஒன்றுதான்: அழைத்த விதம். எங்கள் ஊரில் கார்டு கொடுக்க நேரில் வர வேண்டும். ஞாயிற்றுக்கிழமைகளில் மாப்பிள்ளை வீட்டாரும் பெண் வீட்டாரும் தட்டில் வெற்றிலை, பழம், குங்குமம், கார்டு வைத்துக்கொண்டு கோலாலம்பூரின் நெரிசல் முழுவதையும் குறுக்கும் நெடுக்குமாகக் கடப்பார்கள். ஆன்டி முதலில் தட்டைப் பார்ப்பார், பிறகுதான் ஆளை. மேல்மாடிக்காரர் மகளின் காதுகுத்துக்கு அவரை லிஃப்டில் பார்த்த இடத்திலேயே அழைத்துவிட்டார், பாவம்.

"லிஃப்டுல பாத்ததுனால கூப்புட்டீங்க," என்றார் ஆன்டி. "நான் படியில போயிருந்தா?"

ஜிப் மூடும் சத்தம் கேட்டது. லிஃப்ட் இன்னும் பாதி வழியில்தான் இருந்தது.

அவரை அழைப்பது ஒரு பரீட்சையாகிவிட்டது. பரீட்சைக்குப் பயந்தவர்கள் பள்ளிக்கூடம் இருக்கும் தெருவையே தவிர்த்தார்கள். யாரும் அழைக்காததற்கும் ஆன்டி அம்ப்ரேஜ் எடுத்துக்கொண்டார். எதை முதலில் நிறுத்துவது என்று இரண்டு தரப்புக்கும் தெரியவில்லை.

கிள்ளானில் அவருக்கு ஒரு தம்பி. துறைமுகத்துக்கு லோரி ஓட்டுகிறவர். தாய் சீக்கிரம் இறந்துவிட, ஆன்டிதான் வளர்த்துப் படிக்க வைத்து, கல்யாணமும் செய்துவைத்தார். எனக்கு அவர் கிள்ளான் மாமா. மாமாவின் மனைவி நோய்ப்பட்டு இறந்தபிறகு ஆன்டி கிள்ளானுக்குப் போவதை நிறுத்திவிட்டார். ஏன் என்று கேட்டால், "அவன் வீட்டு நெழலக்கூட மிதிக்க மாட்டேன்" என்பார். நிழலைப் பற்றிய அவருடைய வாக்கியங்களில் இது ஒன்றுதான் முழுத்தமிழ்.

சில வருஷம் கழித்து, ஐம்பதைத் தாண்டிய மாமா மறுமணம் செய்துகொள்ளப் போகும் செய்தி வந்தது. வந்தது குடும்ப வாட்ஸ்அப் குழுவில். பிள்ளையார் படம், மின்னும் குத்துவிளக்கு, கீழே 'அனைவரும் வருக'. ஆன்டி கைபேசியைத் தூக்கிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தார்.

"அனைவரும்! நான் அனைவரும்!"

"தனியா கூப்புடுவாருக்கா, பொறுங்க," என்றார் அம்மா.

மாமா கூப்பிடவில்லை. கல்யாணத்துக்கு முந்தைய நாள் சாயந்தரம் ஆன்டி எங்கள் கதவைத் தட்டினார். "பாப்பா, நாளைக்குக் காலைல கிள்ளான்ல எனக்கு ஒரு வேல இருக்கு. கார் போகுமா?"

"என்ன வேலை ஆன்டி?"

"வரலன்னு காட்டணும்."

"அதுக்கு வீட்டுலயே இருக்கலாமே?"

"வீட்டுல இருந்தா வரலன்னு அவனுக்கு எப்படித் தெரியும்?"

அன்று இரவே காருக்குப் பெட்ரோல் போட்டு வைத்தேன். காலையில் அரக்குப் பட்டு, தலைநிறைய மல்லிகை, கையில் குடை. வராமல் இருப்பதற்காக ஒருவர் இவ்வளவு அலங்காரம் செய்து நான் பார்த்ததில்லை. பின்சீட்டில் அம்மா வாயை மூடிக்கொண்டு வந்தார். மூடிக்கொள்ளும்படி நான் கேட்டிருந்தேன்.

ஃபெடரல் நெடுஞ்சாலையில் நெரிசல். கார் நகராதபோது ஆன்டி பேசத் தொடங்கினார், கார்க் கண்ணாடி வழியாக முன்னால் நின்ற லோரியைப் பார்த்துக்கொண்டே.

"மொதக் கல்யாணத்துல மூணாவது முடிச்சு நான்தான் போட்டேன். மாப்ள பக்கத்துப் பொண்ணு போடணும்ல. அவ செத்தப்ப, சாவு வீட்டுல ஒருத்தி சொன்னா, கல்யாணம் ஆகாதவ முடிச்சுப் போட்டா இப்படித்தான், கை ராசியில்லன்னு."

"யாருக்கா அது?" அம்மாவால் அதற்குமேல் முடியவில்லை.

"எவளோ ஒருத்தி. அவள விடு. தம்பி பக்கத்துலதான் நின்னான். கேட்டுக்கிட்டுதான் இருந்தான். ஒரு வார்த்த சொல்லல."

லோரி நகர்ந்தது. நானும் நகர்ந்தேன். இவ்வளவு காலம் தட்டில் பழம் இல்லை, லிஃப்டில் கூப்பிட்டார்கள் என்று எங்கள் எல்லாரையும் ஆட்டிவைத்தவர், உண்மையான வழக்கை இப்படி ஒரு நெரிசலில்தான் வெளியே எடுத்தார். அதற்கு அவர் ஆங்கிலத்தையும் கூப்பிடவில்லை.

கோயில் மண்டபத்துக் கார் நிறுத்தத்தில் மரம் கிடையாது. வெயில் தார்மேல் நின்றது. காரை விட்டு இறங்க மறுத்த ஆன்டி, உள்ளே இருந்தபடியே தன் சடங்கைச் செய்தார்: கண்ணாடி, உறை, கைப்பை, ஜிப். "அவன் வந்து கூப்புடட்டும். இல்லன்னா இப்படியே திரும்பிடலாம்."

அம்மாவை அவருக்குத் துணையாக விட்டுவிட்டு உள்ளே போனேன். மாமா மணவறையில் உட்கார்ந்திருந்தார், நரைத்த மீசைக்குக் கீழே மாலை. காதோரம் குனிந்து விஷயத்தைச் சொன்னதும் எழப் போனார். ஐயர் தோளைப் பிடித்து அமுக்கினார்.

"உக்காந்த மாப்பிள்ளை தாலி கட்டாம எந்திரிக்கப்படாது. நல்ல நேரம் வேற முடியப் போறது."

"நேர்லயே போய்க் கூப்பிட்டிருக்கலாமே மாமா?"

மாமா மாலையைச் சரிசெய்வதுபோல் குனிந்துகொண்டார். "அன்னைக்கு சாவு வீட்டுல நான் வாயத் தொறக்கல பாப்பா. நேர்ல போய் நின்னா அழுதுருவேன். மெசேஜ்ல போட்டா திட்டு மட்டும்தானே வரும்."

ஆக, அக்காவால் இறங்க முடியாது, தம்பியால் எழ முடியாது. இடையில் சுட்டெரிக்கும் ஒரு கார் நிறுத்தம். யாரெல்லாம் அசைய முடியும் என்று யோசித்தேன். முதலில் அகப்பட்டது தாலித் தட்டு. மஞ்சள் அரிசியும் தாலியுமாகச் சபையில் ஒவ்வொருவரிடமும் ஆசிக்குப் போய்க்கொண்டிருந்தது. அதை ஏந்தி வந்த பெண்ணிடம், "கார் வரைக்கும் வாங்கக்கா" என்றேன். மண்டபத்தின் நான்கு வரிசை அதோடு சேர்ந்து வாசல்வரை வந்தது, நல்ல காட்சியைத் தவறவிடக் கூடாதே.

ஆன்டி கார்க் கண்ணாடியை இறக்கினார். தாலியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். அரிசியைச் சரியாக மூன்று விரலால் எடுத்தார். தாலிக்கு அவர் அவமரியாதை செய்ய மாட்டார். பிறகு சொன்னார், "இது எல்லாருக்கும் போற தட்டு. அழைப்பு இல்ல."

கார்க் கண்ணாடி ஏறியது.

மிச்சம் இருந்தது மணப்பெண். கூறைப்புடவை மாற்றப் பக்கத்து அறைக்குப் போயிருந்தார். துறைமுகத்துப் பக்கம் கேன்டீன் நடத்துகிறவர், ஐம்பதை ஒட்டிய வயது, அன்றுவரை எனக்கு அறிமுகம் இல்லை. கதவைத் தட்டி நடந்ததைச் சொன்னேன், சாவு வீட்டுப் பேச்சையும் சேர்த்து. புடவைக் கொசுவத்துக்கு ஊசி குத்திக்கொண்டிருந்த பெண்ணைக் கையால் நிறுத்தினார்.

"இவ்ளோதானா லா?" என்று கேட்டுவிட்டு, பக்கக் கதவைத் திறந்து வெறுங்காலோடு வெயிலில் இறங்கினார்.

தார் சுட்டிருக்க வேண்டும். காலை மாற்றி மாற்றி வைத்துக்கொண்டே கார்க் கதவை விரலால் தட்டினார். போகிற போக்கில் ஒரு தட்டைத் தேடி எடுத்திருந்தார். ஆனால் அதில் இருந்தது இரண்டு வெற்றிலை, ஒரு குங்குமச் சிமிழ், யாரோ பாதி குடித்த மினரல் வாட்டர் பாட்டில்.

"அண்ணி, நான் கூப்புட வந்துருக்கேன். மூணாவது முடிச்சு நீங்கதான் போடணும்."

ஆன்டி அவர் பக்கம் திரும்பவில்லை. "என் கை ராசியில்லாத கை."

"ராசி பாத்தா இந்த வயசுல நான் கல்யாணமே பண்ணிக்க மாட்டேன் அண்ணி. இங்க எவளாச்சும் ராசி கீசின்னு பேசட்டும், கேன்டீன் கரண்டியோட வரேன்." இதை அவர் கேன்டீன் குரலில் சொன்னதால், வாசலில் நின்ற நான்கு வரிசைக்கும் தெளிவாகக் கேட்டது. ஓரிருவர் உள்ளே போய்விட்டார்கள். "சீக்கிரம் சொல்லுங்க, மேக்கப் உருகுது."

உருகிக்கொண்டுதான் இருந்தது. நெற்றிப்பொட்டு மூக்கை நோக்கிப் பயணம் தொடங்கியிருந்தது. கண்ணாடி இல்லாத ஆன்டிக்கு அது எவ்வளவு தெரிந்ததோ. கதவைத் திறந்து இறங்கினார். குடையை விரித்தார். அது மணப்பெண்ணின் தலைக்குமேல் போயிற்று, முழுக் குடையும். ஆன்டியின் அரக்குப் பட்டும் மல்லிகையும் வெளியே வெயிலில் நடந்தன.

"கல்யாணப் பொண்ணு இப்படியா வெயில்ல வருவா? அறிவு இருக்கா உனக்கு?"

"இல்ல அண்ணி," என்றார் மணப்பெண் பணிவாக.

மணவறையில் மாமா தாலியைக் கழுத்தைச் சுற்றிக் கொண்டுபோய் முதல் இரண்டு முடிச்சையும் போட்டார். கெட்டிமேளம் முழங்கியது. மூன்றாவது ஆன்டிக்கு. அவர் குனிந்தார், நிமிர்ந்தார். கயிறு தெரியவில்லை.

பிறகு அந்த மண்டபம் பார்த்தது நான் எங்கள் மாடியில் ஒருபோதும் பார்க்காத ஒன்று. ஆன்டி ஜிப்பைத் திறந்தார். கைப்பையிலிருந்து உறையை எடுத்தார். உறையிலிருந்து கண்ணாடியை எடுத்தார். சேலை முந்தானையால் துடைத்தார், ஏனென்றால் செய்வதைத் திருந்தச் செய்ய வேண்டும். கெட்டிமேளம் போய்க்கொண்டே இருந்தது. நாதஸ்வரக்காரருக்குக் கன்னம் இரண்டும் சிவந்து கண் பிதுங்கியது. ஐயர் கடிகாரத்தைப் பார்த்தார். மாமா யாரையும் பார்க்காமல் அழுதுகொண்டிருந்தார். கண்ணாடியை மாட்டிக்கொண்ட ஆன்டி அவரைப் பார்த்தார், பிறகு கயிற்றைப் பார்த்தார், இழுத்து இழுத்துப் போட்டார் முடிச்சை. லோரியில் சரக்குக் கட்டுகிறவர்கள்கூட அப்படிப் போட மாட்டார்கள்.

பந்தியில் எல்லாரும் அவர் இலையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தோம். பாயசம் குடித்தார். இலையைத் தன் பக்கமாகப் பாதி கொண்டுவந்தார், ஏதோ நினைத்தவர்போல் அப்படியே விட்டுவிட்டுக் கைகழுவப் போனார். இலை நடுவில் நின்றது. அதற்கு என்ன பொருள் என்று மாமா வெகுநேரம் கேட்டுக்கொண்டிருந்தார்.

பொருள் பிறகு தெரிந்தது. மறுவருஷம் ஆன்டி செந்தூல் வீட்டைக் காலிசெய்து, கிள்ளானில் தம்பி வீட்டுக்கு அடுத்த வீட்டுக்குக் குடிபோனார். கேன்டீன் அத்தையோடு தினமும் ஒரு தகராறு என்று கேள்வி. இருவரும் பூசினாற்போல் ஆகிவிட்டார்கள் என்றும் கேள்வி.

எங்கள் மாடி அமைதியாகிவிட்டது. லிஃப்டில் பயமில்லாமல் பேசலாம். காவல்காரர் மட்டும், "ஆன்டி இல்லாம போரடிக்குது லா" என்று தமிழிலேயே சொன்னார்.

இந்த வருஷம் எனக்குக் கல்யாணம் நிச்சயமானது. நேரம் இல்லை, ஆன்டியைத் தவிர எல்லாருக்கும் வாட்ஸ்அப்பில்தான் அனுப்பினேன். பிள்ளையார், குத்துவிளக்கு, அனைவரும் வருக. நீலக் குறிகள் விழுந்தன, கைகூப்பிய பொம்மைகள் வந்தன. ஒருவருக்கும் மனத்தாங்கல் இல்லை. நேரில் கூப்பிடாததை ஒருவர்கூடக் கவனிக்கவில்லை. வரமுடியாதவர்கள் வரமுடியாது என்று ஒரு பொம்மையில் சொல்லிவிட்டார்கள். இவ்வளவு சுலபமாக ஒரு கல்யாணம் நடக்கக் கூடாது என்று தோன்றியது.

போன ஞாயிற்றுக்கிழமை தட்டோடு கிள்ளானுக்குப் போனேன். வெற்றிலை, பாக்கு, குங்குமம், கார்டு. பழம் வைக்கவில்லை. மறக்கவில்லை, வைக்கவில்லை.

ஆன்டி கதவைத் திறந்து தட்டைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். மறுபடியும் தட்டைப் பார்த்தார்.

"பழம் எங்க பாப்பா?"

"பழமா ஆன்டி? வைக்கணுமா?"

முகம் எப்படி மலர்ந்தது என்கிறீர்கள். மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "ஐ டேக் அம்ப்ரேஜ்," என்றார், நல்ல கணீர்க் குரலில்.

"எடுத்துட்டு சீக்கிரம் வாங்க அண்ணி, டீ ஆறுது," என்று உள்ளேயிருந்து கேன்டீன் குரல் வந்தது.

கண்ணாடி உறைக்குள் போனது. உறை கைப்பைக்குள் போனது. ஜிப்பை மட்டும் அவர் மூடவில்லை.